கேட்கப்படும் உரிமை: கனடாவின் அகதி முறைமையும் சிங் வழக்கும்

புகலிடம் கோருவோரது வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தொகைகளையே எண்ணுவர். எந்த நாடு எத்தனை பேரை ஏற்றது, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது என்னும் கணக்கே அவ்வரலாற்றின் உடலாக அமைந்துவிடுகின்றது. அக்கணக்கு வேண்டப்படுவதே. ஆயினும் அதற்கு முற்பட்ட வினா ஒன்று உண்டு. அச்சத்தின் பேரில் ஓடிவந்த ஒருவர் அவ்வச்சத்தை எவர் முன்னிலையில், எவ்வாறு எடுத்துரைக்க அனுமதிக்கப்பட்டார் என்பதே அது. அகதி எனும் அந்தஸ்து ஒருவருக்கு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர், அவரை நேரிற் காணவும் அவர் சொல்வதைக் கேட்கவும் கடமைப்பட்டவரா? கனடாவில் இவ்வினா 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி அந்நாட்டின் உயர் நீதிமன்றத்தால் விடை கூறப்பட்டது. அவ்விடையின் பயனை அடுத்த பத்தாண்டுகளில் மிகுதியாகத் துய்த்தோருள் இலங்கைத் தமிழர் முன்வரிசையில் நின்றனர். அவ்வுரிமை எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், பெறப்பட்டபின் அதனைச் சூழ்ந்து எவ்வாறு வேலிகள் எழுந்தன என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

கனடா அகதிகளுக்குப் புதிய நாடன்று. அகதிகளைத் திருப்பி அனுப்புவதிலும் அது புதிய நாடன்று. 1939 இல் நாசி ஜேர்மனியிலிருந்து தப்பிய யூதர் ஒன்பது நூற்றுவர்க்கு மேற்பட்டோரை ஏற்றிவந்த 'சென் லூயிஸ்' கப்பலுக்குக் கியூபாவும் ஐக்கிய அமெரிக்காவும் கதவடைத்தபோது கனடாவும் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறிற்று. 1956 இன் எழுச்சி நசுக்கப்பட்டபின் ஹங்கேரியரும், 1968 இல் செக்கோசிலோவாக்கியரும், 1972 இல் இடி அமீனால் துரத்தப்பட்ட உகண்டாவின் ஆசியரும், 1979-80 இல் இந்தோசீன நாடுகளின் படகு மக்களும் பல்லாயிரக்கணக்கில் வரவேற்கப்பட்டனர். இவ்வரவேற்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் அதன் இயல்பு மனங்கொள்ளத்தக்கது. இம்மக்களுள் பெரும்பாலோர் பிறநாட்டு முகாம்களிலும் தூதரகங்களிலும் கனேடிய அதிகாரிகளாற் தெரிவு செய்யப்பட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். தெரிவு செய்வது அரசின் கருணை. தெரிவு செய்யாது விடுவதும் அரசின் உரிமை. தானாகவே வந்து வாயிலில் நின்று "என்னைத் திருப்பி அனுப்பாதீர்" என்று கேட்பவரின் நிலை வேறு. அவரை எவரும் தெரிவு செய்யவில்லை. அவர் நம்பி நிற்பது கருணையை அன்று, சட்டத்தையே.

அச்சட்டம் கனடாவுக்குப் பிந்தியே வந்தது. அகதிகளின் அந்தஸ்து பற்றிய 1951 ஆம் ஆண்டுச் சமவாயத்தில் கனடா 1969 இலேயே இணைந்தது. சமவாயத்தின் அகதி என்ற வரைவிலக்கணம் 1976 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூலமே உள்நாட்டுச் சட்டமாயிற்று. 1978 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் வகுத்த வழிமுறையைச் சற்று விரிவாகக் காணுதல் வேண்டும். ஏனெனில் பின்னர் எழுந்த வழக்கு முழுவதும் அவ்வழிமுறையைப் பற்றியதே.

புகலிடம் கோரியவரைக் குடிவரவுத் திணைக்களத்தின் மூத்த அதிகாரி ஒருவர் சத்தியத்தின் பேரில் விசாரிப்பார். வினாவும் விடையும் எழுத்திற் பதியப்படும். அவ்வெழுத்துப் பிரதி தலைநகருக்கு அனுப்பப்படும். அங்கே அகதி அந்தஸ்து ஆலோசனைக் குழு அதனைப் படித்து அமைச்சருக்கு ஆலோசனை கூறும். அமைச்சரோ அவர் சார்பில் அதிகாரியோ முடிவு செய்வார். முடிவு பாதகமாயின் குடிவரவு மேன்முறையீட்டுச் சபைக்கு மீளாய்வு கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கும், விசாரணை நடந்தால் கோரிக்கை நிறுவப்படக்கூடும் என்று எழுத்துப் பிரதியையும் விண்ணப்பதாரரின் பிரகடனத்தையும் கொண்டே சபை கருதினாலன்றி விசாரணை நடவாது. விசாரணையில் என்ன கூறுவார் என்பதை விசாரணைக்கு முன்னரே நிறுவிக்காட்ட வேண்டும் என்பது இதன் பொருள். அமைச்சர் எத்தகவல்களை ஆதாரமாகக் கொண்டார் என்பதை விண்ணப்பதாரர் அறியவும் மாட்டார். அறியாத ஒன்றை மறுக்கவும் மாட்டார். சுருங்கக் கூறின், கேட்டவர் தீர்மானிக்கவில்லை; தீர்மானித்தவர் கேட்கவில்லை.

இம்முறையின் குறைகளை 1981 ஆம் ஆண்டின் செயலணி அறிக்கையும் 1984 இல் பேராசிரியர் எட் ரட்டுஷ்னி சமர்ப்பித்த அறிக்கையும் எடுத்துக்காட்டின. அறிக்கைகள் அரசின் அலமாரிகளை அடைந்தன. முறைமை மாறவில்லை.

அதனை மாற்றியவர்கள் எழுவர். அறுவர் இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர். ஒருவர் இந்திய வம்சாவளியினரான கயானா நாட்டவர். முதலாம் மேன்முறையீட்டாளரின் பெயரால் இது சிங் வழக்கு என வழங்கலாயிற்று. இவர்களது கோரிக்கைகளை அமைச்சர் நிராகரித்தார். சபை விசாரணையின்றியே விண்ணப்பங்களைத் தள்ளியது. 1984 வசந்தத்தில் உயர் நீதிமன்றத்தின் முன் வழக்கு வந்தபோது, கனடாவின் உரிமைகள், சுதந்திரங்கள் பட்டயம் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டயத்தின் 7 ஆம் பிரிவு, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆளின் பாதுகாப்புக்குமான உரிமை எவருக்கும் உண்டு என்றும், அடிப்படை நீதித் தத்துவங்களுக்கு இயையவன்றி அது பறிக்கப்படலாகாது என்றும் விதிக்கின்றது. "எவருக்கும்" என்னும் சொல்லின் மீதே வழக்கின் முதற்பாகம் நின்றது. வாக்குரிமை பற்றிய பிரிவும் நாட்டினுட் புகும் உரிமை பற்றிய பிரிவும் "பிரசை" என்ற சொல்லை ஆள, 7 ஆம் பிரிவு அவ்வாறு ஆளவில்லை. எனவே கனடாவின் மண்ணில் நிற்கும், அதனால் அந்நாட்டின் சட்டத்துக்கு ஆட்பட்ட, மனிதர் ஒவ்வொருவரும் அச்சொல்லினுள் அடங்குவர் என்று நீதியரசர் பேர்த்தா வில்சன் கொண்டார். அரசதரப்புச் சட்டத்தரணியும் இதனை மறுக்கவில்லை.

அரசதரப்பின் வலுவான வாதம் பிறிதொன்று. இவர்களைத் திருப்பி அனுப்புவதால் கனடா எவருடைய உயிரையும் பறிக்கவில்லை. தீங்கு நேரின் அது வேறு நாட்டில் வேறு கைகளால் நேர்வது என்பதே அவ்வாதம். இன்றும் பல தலைநகரங்களில் வேறுவேறு சொற்களிற் கேட்கும் வாதம் இது. ஆளின் பாதுகாப்பு என்பது தண்டனையிலிருந்தும் துன்பத்திலிருந்தும் விடுபட்டிருத்தல் மட்டுமன்று, அவற்றின் அச்சுறுத்தலிலிருந்து விடுபட்டிருத்தலும் ஆகும் என்று வில்சன் விடை கூறினார். அச்சுறுத்தலின் வாயில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தும் முடிவு அவரது பாதுகாப்பைத் தொடுகின்றது. அவ்வாறாயின் முடிவெடுக்கும் முறை நீதியானதாதல் வேண்டும். ஒருவரது நம்பகத்தன்மை பாரதூரமான முறையில் வினாவுக்குட்படும்போது, அதனை வாய்மொழி விசாரணையின்றி, தாளைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் அடிப்படை நீதிக்கு ஒவ்வாது. ஒவ்வொருவருக்கும் விசாரணை வைப்பதாற் செலவும் தாமதமும் மிகும் என்ற முறையீட்டையும் அவர் ஏற்கவில்லை. நிருவாக வசதி கருதி உரிமையை விட்டுக்கொடுக்கலாமெனின் பட்டயம் எழுதப்பட்டதே வீணாகும் என்பது அவரது கருத்தின் சாரம். கனடாவின் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணியாகிய இவர் ஸ்கொத்லாந்திற் பிறந்து, 1949 இற் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர் என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடலாம்.

தீர்ப்பளித்த அறுவரும் முடிவில் ஒத்திருந்தனர். காரணத்தில் இரண்டாகப் பிரிந்தனர். மூவர் பட்டயத்தின் வழியே சென்றனர். நீதியரசர் பீற்ஸ் உள்ளிட்ட மற்றைய மூவரும், அனைவரும் மறந்துவிட்ட 1960 ஆம் ஆண்டு உரிமைகள் மசோதாவைத் தூசி தட்டி எடுத்து, அதன் 2 ஆம் பிரிவு உறுதி செய்யும் நியாயமான விசாரணைக்கான உரிமையைக் கொண்டு அதே முடிவை அடைந்தனர். எழுவரது கோரிக்கைகளும் முறையான விசாரணைக்காகச் சபைக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவர்கள் அகதிகள் என்று நீதிமன்றம் கூறவில்லை. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்றே கூறிற்று.

இது வெறும் நடைமுறைச் சங்கதி என்று எண்ணுவோர் உளர். எழுத்துப் பிரதியில் இல்லாத எதனை வாய்மொழி தந்துவிடும் என்று அவர்கள் வினவலாம். இதற்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது மொழியே போதும். யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்று அதிகாரி முன் கூறுவதாகக் கொள்வோம். உரைபெயர்ப்பாளர் உடன்பிறந்த தமையன் எனப் பொருள்பட ஆங்கிலத்திற் சொல்வார்; தாளில் அவ்வாறே பதியப்படும். குடும்ப விபரப் படிவத்திலோ உடன்பிறந்தோர் என்ற இடத்தில் தங்கைகள் இருவரது பெயர் மட்டுமே இருக்கும். பெரியப்பாவின் மகனும் பெரியம்மாவின் மகனும் நமக்கு அண்ணாவே என்பது தலைநகரிலிருந்து தாளைப் படிப்பவருக்கு எவ்வாறு தெரியும்? அவர் காண்பது ஒரு முரண்பாடு. முரண்பாடு பொய்யின் அடையாளம் என்பது அவர் கற்ற பாடம். மேலும் "பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்ற தொடரில் எழுவாய் இல்லை. பிடித்தது இராணுவமா, பொலிசாரா, ஆயுதக் குழுவினரா என்பதைக் கேட்பவர் சூழலால் உணர்வர். சூழல் தாளிற் பதியப்படுவதில்லை. நேரில் அமர்ந்திருப்பவர் "எந்த அண்ணா?" என்று ஒரு வினாவை எழுப்பினால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அவ்வொரு வினாவுக்கான வாய்ப்பையே சிங் தீர்ப்பு உரிமையாக்கிற்று. நேரிற் கண்டவரும் தவறலாம் என்பது உண்மையே. துயரத்தைக் கண்ணீரின்றிச் சொல்பவரைப் பொய்யர் எனக் கருதிய விசாரணையாளர்கள் எந்நாட்டிலும் உண்டு. ஆயினும் நேரிற் செய்யப்படும் தவறு திருத்தக்கூடியது. அங்கே மறுமொழி கூற ஒருவர் அமர்ந்திருக்கின்றார்.

தீர்ப்பின் மை உலர்ந்து பதினாறு மாதங்களில் அதன் தத்துவம் கடலிற் சோதிக்கப்பட்டது. 1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்கிடையில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர் கண்டு காப்பாற்றினர். தாம் இந்தியாவிலிருந்து கப்பலேறியதாக அவர்கள் முதலிற் கூறினர். சில நாட்களில் அது உண்மையன்று என்று வெளிப்பட்டது. அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள். புகலிடம் கோரியோர் வேலை செய்யத் தடையும் குறித்த இடத்தைவிட்டு அகலத் தடையும் நிலவிய அந்நாட்டில் எதிர்காலம் இன்றி இருந்தவர்கள். அனுதாபம் சினமாக மாற அதிக நேரம் செல்லவில்லை. பொய்யர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்று கடிதங்கள் குவிந்தன. உயிர்காப்புப் படகில் வந்தோரைத் திருப்பி அனுப்பப்போவதில்லை என்ற நிலையிற் பிரதமர் பிறையன் மல்றோனி உறுதியாக நின்றார். நூற்றைம்பத்தைவருக்கும் ஓராண்டு தங்கவும் தொழில் செய்யவும் அமைச்சரின் அனுமதிப் பத்திரங்கள் வழங்கப்பட்டன.

வந்த வழியைப் பற்றிப் பொய் கூறியவர், வந்த காரணத்தைப் பற்றியும் பொய் கூறுகின்றார் என்று முடிவு செய்யலாமா? வழியைப் பற்றிய பொய்யைச் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் பணம் பெற்ற முகவர். அதற்கான காரணம் பயணம். 1983 யூலையின் பின் தமிழர் அஞ்சியதற்கான காரணம் பயணத்தோடு தொடர்பற்றது. அவ்வாண்டிலேயே இலங்கைத் தமிழரை நாடுகடத்துவதைக் கனடா இடைநிறுத்தி விசேட நடவடிக்கைகளை மேற்கொண்டிருந்தமை, அவ்வச்சத்தை அரசே அறிந்திருந்தது என்பதைக் காட்டும். பழைய முறைமையில் இவ்விரு பொய்மெய்களும் ஒரே தாளிற் கலந்து கிடந்திருக்கும். முதற் பக்கத்தின் பொய் கடைசிப் பக்கத்தின் உண்மையைக் கொன்றிருக்கும். இவற்றைப் பிரித்தறிய விசாரணை அறை ஒன்று வேண்டும் என்பதற்கு நியூபவுண்லாந்துப் படகுகளைவிடச் சிறந்த உதாரணம் காணுதல் அரிது. அதே 1986 இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகத்தின் நான்சன் பதக்கம் கனடிய மக்களுக்கு வழங்கப்பட்டது. ஒரு நாட்டின் மக்கள் முழுவதற்கும் அப்பதக்கம் அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

பதக்கத்தின் பளபளப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1987 யூலையில் 174 சீக்கியர் நோவா ஸ்கொஷியாவின் மீனவக் கிராமம் ஒன்றிற் கரையிறங்கினர். விடுமுறையிலிருந்த பாராளுமன்றம் அவசரமாக மீள அழைக்கப்பட்டது. முந்நூற்று முப்பதுக்கும் குறைந்தோரை ஏற்றிவந்த இரண்டு வருகைகள், இத்துணைப் பெரிய நாட்டின் பாராளுமன்றத்தைக் கோடையில் எழுப்பிவிட்டமை வியப்புக்குரியதே. அன்று முன்வைக்கப்பட்ட மசோதாவும் அதற்குச் சில மாதங்கள் முன்னர் வந்த மற்றொரு மசோதாவும், தேவாலயங்களினதும் அகதி நல அமைப்புக்களினதும் எதிர்ப்பையும் செனற் சபையின் இழுபறியையும் கடந்து 1988 இற் சட்டமாயின. 1989 யனவரி 1 ஆம் திகதி குடிவரவு, அகதிகள் சபை செயற்படத் தொடங்கிற்று.

இச்சபையின் அகதிப் பிரிவே சிங் தீர்ப்பின் நேர்வாரிசு. கோரிக்கையாளர் சட்டத்தரணியுடன், உரைபெயர்ப்பாளரின் துணையுடன், தீர்மானிக்கப்போகும் இருவர் முன்னிலையில் அமர்ந்து பேசினார். இருவரும் கருத்து வேறுபடின், பொதுவாக முடிவு கோரிக்கையாளருக்குச் சாதகமாகவே கொள்ளப்பட்டது. ஐயத்தின் பயனைச் சட்டத்தின் எழுத்திலேயே அகதிக்கு வழங்கிய இவ்வேற்பாடு உலகில் அரிதானது. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் இவ்வறைகளில் அமர்ந்த இலங்கைத் தமிழருட் பெரும்பாலோர் அகதிகளாக ஏற்கப்பட்டனர். அந்நகரங்களில் இன்று காணப்படும் தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோயில்களையும் கடைகளையும் பத்திரிகைகளையும் பற்றி எழுதுவர். இவ்விசாரணை அறைகளைப் பற்றியும் எழுதவேண்டும்.

ஆயினும் ஒன்றை அவதானித்தல் வேண்டும். அறைக்குள் நடப்பதை நீதிமன்றம் உறுதி செய்தபின், அரசின் கவனம் அறையின் வாயிலுக்கு நகர்ந்தது. ஒருவர் உள்ளே வந்துவிட்டாற் கேட்டே ஆகவேண்டும். எனவே உள்ளே வருவோரைக் குறைத்தல் வேண்டும் என்பதே 1985 இன் பின்னுள்ள சட்டங்களை ஊடறுத்துச் செல்லும் நூல் என்பது எமது கருத்து. பாதுகாப்பான மூன்றாம் நாட்டின் வழியே வந்தோரது கோரிக்கையை ஏற்காது விடலாம் என்ற ஏற்பாடு 1988 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. எனினும் அன்று எந்த நாடும் அப்பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவுடனான உடன்படிக்கை 2004 டிசெம்பர் 29 இல் நடைமுறைக்கு வந்தபோதே அவ்வாள் உறையிலிருந்து வெளிவந்தது. இடையே, 2002 ஆம் ஆண்டுச் சட்டம் இருவர் விசாரிக்கும் முறையை ஒழித்து ஒருவர் விசாரிக்கும் முறையை ஆக்கிற்று. அதற்கு ஈடாக வாக்களிக்கப்பட்ட அகதி மேன்முறையீட்டுப் பிரிவு 2012 டிசெம்பர் வரை திறக்கப்படவேயில்லை. எடுத்தது உடனே எடுக்கப்பட்டது. கொடுப்பதற்குப் பத்தாண்டுகள் சென்றன.

2010 ஓகஸ்டில் 'சன் சீ' என்னும் கப்பல் 492 தமிழருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. பயணிகள் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டனர். இதனையொட்டிப் பிறந்த 2012 ஆம் ஆண்டுச் சட்டம், அமைச்சரால் ஒழுங்கற்ற வருகை எனக் குறிக்கப்படும் கூட்டத்தில் 16 வயதும் அதற்கு மேற்பட்டோருமானவரைக் கட்டாயமாகத் தடுத்து வைக்க வகைசெய்தது. ஏனையோரின் தடுப்புக்காவல் 48 மணித்தியாலங்களிலும், பின் ஏழு நாட்களிலும், அதன்பின் முப்பது நாட்களுக்கு ஒருமுறையும் மீளாய்வு செய்யப்பட, இவர்களது தடுப்புக்காவல் 14 நாட்களிலும் அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையுமே மீளாய்வு செய்யப்படும் என்றாயிற்று.

அக்கப்பலிற் பிறந்த ஒரு வழக்கு நமது பொருளுக்கு நேரே உரியது. தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுச் சென்றமையாற் பயணிகளே அதனைச் செலுத்தி வந்தனர். ஒருவர் இயந்திர அறையில் முறைவேலை செய்தார். மற்றொருவர் சமைத்தும் கண்காணித்தும் உதவினார். இவ்வுதவி ஆட்கடத்தலாகும், ஆதலால் இவர்கள் கனடாவில் அனுமதிக்கப்படத் தகாதோர் என்று கூறப்பட்டது. தகாதோர் எனப்பட்டவரின் அகதிக் கோரிக்கை விசாரிக்கப்படாது. உலை மூட்டியவர் பேசும் உரிமையை இழந்தார். 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் இவ்விளக்கத்தை நிராகரித்தது. ஒழுங்கமைந்த குற்றச் செயலின் பாற்பட்டு, பண இலாபத்துக்காகவோ வேறு பொருட்பயனுக்காகவோ செய்யப்படுவதே அவ்விதியில் அடங்கும்; தப்பியோடும் அகதிகள் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவி அதில் அடங்காது என்று அது தீர்த்தது. முப்பது ஆண்டுகளின் பின்னரும் வழக்கின் பொருள் மாறவில்லை என்பது தெளிவு. கேட்கப்படுவதற்குத் தகுதியுடையவர் யார் என்பதே பொருள்.

அமெரிக்காவுடனான உடன்படிக்கை முதலில் அதிகாரபூர்வத் தரை எல்லை நிலையங்களுக்கே பொருந்திற்று. ஆதலால் நிலையங்களுக்கு இடையிலுள்ள ஒற்றையடிப் பாதைகளின் வழியே ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தனர். 2023 மார்ச் 25 முதல் அது தரை எல்லை முழுவதற்கும் விரிக்கப்பட்டது. அதே ஆண்டு யூன் 16 இல் உடன்படிக்கைக்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருப்பி அனுப்பப்படுவோரின் சுதந்திரமும் பாதுகாப்பும் தொடப்படுகின்றன என்பதை நீதியரசர்கள் ஏற்றனர். ஆயினும் தகுந்த வேளைகளில் விதிவிலக்களிக்கச் சட்டத்திலேயே வழிகள் உள்ளமையால் 7 ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று ஒருமுகமாகக் கூறினர். வழக்காளிகள் மற்றொரு முறைப்பாட்டையும் முன்வைத்திருந்தனர். பால்நிலை காரணமான துன்புறுத்தலிலிருந்து தப்பிவரும் பெண்களை இவ்வுடன்படிக்கை சமமாக நடத்தவில்லை என்பதே அது. 7 ஆம் பிரிவின் மேல் முடிவு கூறியபின் இதனைத் தொடவேண்டியதில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் முன்னரே விட்டுவிட்டிருந்தது. அம்முறைப்பாட்டை மட்டும், முதன்முறையாகக் கேட்டுத் தீர்ப்பதற்கென, உயர் நீதிமன்றம் அந்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.